கல்லூரி அணியின் கோச்சை நீட்டிப்பதா, மாற்றுவதா? கூட்டத்துக்கு முன் உங்கள் கருத்து வேண்டும்

பகாவ் காளை எழுதியது:

வணக்கம் நண்பர்களே. மலேசியாவில், நெகிரி செம்பிலான் மாநிலத்துப் பகாவ் பக்கத்தில் ஒரு சின்னத் தனியார் கல்லூரி. பெயர் வேண்டாம், ஊர்க்காரர்களுக்குச் சொல்லாமலே தெரியும். அங்கே படித்து முடித்த நாங்கள் சிலர் சேர்ந்து கல்லூரியின் காற்பந்து அணிக்கு ஆண்டுதோறும் பணம் திரட்டிக் கொடுக்கிறோம். கோச்சின் சம்பளத்தில் பாதி எங்களுடையது, மறுபாதி கல்லூரியுடையது. அவருடைய ஒப்பந்தம் டிசம்பரோடு முடிகிறது. நீட்டிப்பதா, வேறு ஆளைப் பார்ப்பதா என்று முடிவெடுக்க வருகிற ஞாயிற்றுக்கிழமை கூட்டம் வைத்திருக்கிறோம். வாட்ஸ்அப் குழுவில் இப்போதே அடிதடி, இரண்டு பேர் குழுவை விட்டே போய்விட்டார்கள்.

விவரம் இதுதான். இவர் வருவதற்கு முன் பதினொரு பேர் சேர்வதே பெரும்பாடு. ஹாக்கி விளையாடுகிறவனைப் பிடித்து வந்து தற்காப்பில் நிறுத்திய காலமெல்லாம் உண்டு. இவர் வந்த முதல் ஆண்டே தனியார் கல்லூரிகளுக்கான போட்டியில் அரையிறுதி வரை போனோம். இரண்டாம் ஆண்டு கோப்பை. மூன்றாம் ஆண்டு காலிறுதியில் தோல்வி. இந்த ஆண்டு குழுச்சுற்றோடு சரி, அதுவும் கடைசி ஆட்டத்தில் சொந்தத் திடலில் நான்கு கோல் வாங்கித் தோற்றதுதான் எல்லாரையும் கிளப்பிவிட்டது.

கோப்பை வென்ற ஆண்டில் எங்களிடம் ஒரு முன்கள ஆட்டக்காரன் இருந்தான். தோட்டத்துப் பையன், நல்ல உயரம், தலையால் முட்டினால் கோல்தான். அடுத்த ஆண்டே ஒரு மாநில இளையோர் அணி அவனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டது. "கோப்பையை அந்தப் பையன் வென்றான், கோச் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்" என்று ஒரு கட்சி. "இவர் இல்லையென்றால் அணியே இருந்திருக்காது, நன்றி கெட்டவர்களே" என்று இன்னொரு கட்சி. நான் நடுவில் மாட்டிக்கொண்டு கணக்கு எழுதுகிறவன்.

சூழ்நிலையையும் சொல்லிவிடுகிறேன். பயிற்சித் திடல் தோட்ட நிர்வாகத்திடம் இரவல் வாங்கியது, மழை பெய்தால் ஒரு கோல்கம்பத்துக்கு முன்னால் முட்டி அளவு சேறு. விளக்கு கிடையாது, ஏழு மணிக்கு மேல் பந்து தெரியாது. வாரத்துக்கு இரண்டு மாலை மட்டும் பயிற்சி. கோச்சிடம் பயிற்றுநருக்கான பி லைசென்ஸ் இருக்கிறது, அடுத்த படியான ஏ எடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். வேறு ஒரு கிளப்பின் இளையோர் அணிக்கு இவரைக் கேட்கிறார்கள் என்றும் ஒரு பேச்சு.

கேள்வி: இப்படிப்பட்ட ஒரு கோச்சை எதை வைத்து எடை போடுவது? வெற்றி தோல்விப் பட்டியலை மட்டும் வைத்தா? இவர் இன்னும் மேலே போகக்கூடியவரா, இல்லை இவ்வளவுதானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பந்து தெரிந்தவர்கள் சொல்லுங்கள். திட்டுவதாக இருந்தாலும் காரணத்தோடு திட்டுங்கள்.


ரொட்டி கோசோங் எழுதியது:

முதலில் ஒன்று கேட்கிறேன். இவரை அனுப்பிவிட்டு யாரைக் கொண்டு வரப் போகிறீர்கள்? பெயர் சொல்ல வேண்டாம், தலைவருக்கு மச்சான் முறையா, மருமகன் முறையா என்று மட்டும் சொல்லுங்கள். இந்த மாதிரிச் சின்ன ஊர்க் கமிட்டிகளில் "கோச்சின் அடைவுநிலை" என்ற பேச்சு எப்போது கிளம்பும் என்பது எல்லாருக்கும் தெரிந்த கதை.


செம்பனைக்காட்டான் எழுதியது:

ரொட்டி சொன்னதைச் சிரித்துவிட்டுக் கடந்துபோக வேண்டாம், மாற்று ஆள் யார் என்று தெரியாமல் "மாற்றலாமா" என்று கேட்பதில் பாதிக் கேள்வி காணவில்லை. சரி, நீங்கள் கேட்டதற்கு வருகிறேன்.

மலேசியத் தேசிய அணியின் கோச்சாக இருந்த கே. ராஜகோபாலை எடுத்துக்கொள்ளுங்கள். 2010 டிசம்பர் முதல் தேதி, தென்கிழக்காசிய நாடுகளுக்கான சுசுகி கோப்பை முதல் ஆட்டம், ஜகார்த்தாவில் இந்தோனேசியாவிடம் 5-1 என்று தோல்வி. அன்று ராத்திரி நம் ஒட்டுக்கடைகளில் என்ன பேசியிருப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். அந்த மாதம் முடிவதற்குள் அதே இந்தோனேசியாவை இறுதியாட்டத்தில் நம் புக்கிட் ஜாலில் ஸ்டேடியத்தில் 3-0 என்று அடித்து, ஜகார்த்தா போய் 2-1 என்று தோற்று, மொத்தக் கணக்கில் 4-2 என்று மலேசியா முதல் தடவையாக அந்தக் கோப்பையைத் தூக்கியது. ஒரே கோச், கிட்டத்தட்ட அதே பையன்கள், நான்கே வாரம். முதல் ஆட்டத்தை மட்டும் வைத்து ஆளை மாற்றியிருந்தால்? அந்த அணியில் பலர் அதற்கு முந்தைய ஆண்டு லாவோஸில் நடந்த தென்கிழக்காசிய (சீ) விளையாட்டில் அவரிடமே 23 வயதுக்குக் கீழ்ப்பட்டோர் அணியில் ஆடித் தங்கம் வாங்கியவர்கள். 1989க்குப் பிறகு அந்தத் தங்கம் அப்போதுதான் வந்தது. பையன்களை அவர் வளர்த்துக்கொண்டு வந்தார், அவர்களும் அவர் சொல்வதை நம்பினார்கள். 5-1க்குப் பிறகு அணி சிதறாமல் இருந்ததற்கு எனக்குத் தெரிந்த காரணம் அதுதான்.

ஆனால் அதே ராஜகோபால் 2012இல் அரையிறுதியில் தாய்லாந்திடம் தோற்று வெளியே வந்தார். அவர் திடீரென்று காற்பந்தை மறந்துவிட்டாரா என்ன?

நம் மாநிலக் கதையும் அப்படித்தான். 2021இல் மலேசியாவின் இரண்டாம் நிலைப் பிரிமியர் லீக்கை வென்று மேலே வந்த நெகிரி செம்பிலான், கே. தேவன் பயிற்சியில் 2022இல் முதல் நிலையான சூப்பர் லீக்கில் நான்காவது இடம். சிலாங்கூரை விட மேலே! பாரோய் ஸ்டேடியத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு அந்த ஆண்டு மறக்காது. அடுத்த ஆண்டு அதே அணி அட்டவணையின் கீழ்ப்பகுதியில் கிடந்து தவித்தது.

தொழில்முறை லீக்கில் இருபது முப்பது ஆட்டம் இருக்கிறது, அங்கேயே இவ்வளவு ஏற்ற இறக்கம். உங்கள் கல்லூரிப் போட்டியில் ஆண்டுக்கு எத்தனை ஆட்டம்? குழுச்சுற்றில் மூன்று, மேலே போனால் இன்னும் மூன்று, அவ்வளவுதானே? அதில் ஒரு பந்து கம்பத்தில் பட்டு வெளியே போவதும் உள்ளே போவதும் உங்கள் கோச்சின் எதிர்காலமாகிவிடுகிறது. அதனால் எனக்கு இரண்டு விவரம் வேண்டும். ஒன்று, கோப்பை வென்ற ஆண்டின் அரையிறுதியும் இறுதியும் எப்படி முடிந்தன, எத்தனை கோல் வித்தியாசம்? இரண்டு, இந்த ஆண்டு வெளியேறியது எத்தனை புள்ளி பின்தங்கி? இதைச் சொல்லாமல் "அன்று சாம்பியன், இன்று குப்பை" என்று பேசுவது வீண்.


கோல்கம்பம் எழுதியது:

நான் இந்த ஆண்டு அவர்கள் ஆட்டத்தைத் திடலில் நின்று பார்த்தவன், பழைய கோல்கீப்பர், அதனால் கொஞ்சம் காரமாகவே சொல்கிறேன். அதிர்ஷ்டம், கம்பம் என்று எல்லாவற்றையும் மூடிவிடாதீர்கள்.

ஒன்று, மூலை உதை. எதிரணி பந்தைத் தூரக் கம்பத்துக்குத் தூக்கிப் போட்டால் நம் பையன்கள் ஆறு பேர் கிட்டக் கம்பத்தில் குவிந்து நிற்கிறார்கள், தூரத்தில் நிற்கிறவனைத் தொட ஆள் கிடையாது. ஒரு தடவை நடந்தால் பையன் தவறு. ஆட்டத்துக்கு ஆட்டம் அதே இடத்தில் அதே மாதிரி கோல் விழுந்தால் அது பயிற்சியில் செய்யாத வேலை. இதற்கு நல்ல ஆட்டக்காரன் தேவையில்லை, விளக்கு தேவையில்லை, காசும் தேவையில்லை, வாரத்தில் அரை மணி நேரம் நிறுத்தி வைத்துச் சொல்லிக்கொடுத்தால் போதும்.

இரண்டு, அந்த உயரமான பையன் போய் இரண்டு ஆண்டு ஆகிறது, இன்னமும் பின்னாலிருந்து நீளமாகத் தூக்கி அடிக்கிறார்கள். இப்போது முன்னால் நிற்கிறவன் குட்டையானவன், வேகமானவன், காலடியில் கொடுத்தால் ஓடுவான். அவன் தலைக்கு மேல் பந்து போய்க்கொண்டே இருக்கிறது, அவன் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருக்கிறான். பார்க்கவே பாவமாக இருந்தது. ஒரு கோச்சின் தரத்தைப் பார்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது. நல்ல ஆள் கிடைத்தபோது அவனை வைத்து வென்றார், சந்தோஷம். ஆள் மாறியபோது ஆட்டத்தை மாற்றினாரா? மாற்றவில்லை. எனக்கு இது நான்கு கோல் தோல்வியைவிடப் பெரிய விஷயம்.

மூன்று, கடைசி இருபது நிமிடத்தில் கால் ஓய்ந்துவிடுகிறது. முதல் பாதியில் சமமாக ஆடுகிறார்கள், அப்புறம் நிற்கவே முடியவில்லை. உடற்பயிற்சி போதவில்லை என்று நினைக்கிறேன்.

கோல்கீப்பருக்குத் தனிப் பயிற்சி என்று ஒன்று நடக்கிறதா என்பதே சந்தேகம். நம் பழைய தேசிய கோல்கீப்பர் ஆறுமுகம் மாதிரி நீளக் கையோடு ஒருவன் தானாகவே வந்து நிற்பான் என்று காத்திருக்கிறார்கள் போல. அவரைச் சும்மாவா ஸ்பைடர்மேன் என்றார்கள், எல்லாருக்கும் அப்படி அமையுமா?


முட்டைப்பந்து எழுதியது:

நான் அமெரிக்காவில் தென்பகுதியில் படித்துவிட்டுத் திரும்பி வந்தவன், கையால் தூக்கிக்கொண்டு ஓடுகிற அவர்களுடைய ஃபுட்பாலுக்கு அங்கே அடிமையாகிவிட்டேன், பெயரைப் பார்த்தாலே தெரியும். விளையாட்டு வேறுதான். ஆனால் "கல்லூரி கோச்சை வைத்துக்கொள்வதா, துரத்துவதா" என்ற பேச்சை அவர்கள் அளவுக்குப் பேசிப் பேசித் தேய்த்தவர்கள் உலகத்தில் கிடையாது. உங்கள் கதைக்கு அப்படியே பொருந்துகிற ஒன்று அங்கே நடந்திருக்கிறது.

ஆபர்ன் பல்கலைக்கழகம், அலபாமா மாநிலம். 2008 கடைசியில் ஜீன் சிசிக் என்பவரைக் கொண்டு வந்தார்கள். அதற்கு முன் அயோவா ஸ்டேட்டில் இரண்டு சீசனில் 5 வெற்றி, 19 தோல்வி. இவரையா என்று ரசிகர்கள் கொதித்தார்கள். 2010இல் காம் நியூட்டன் என்ற பையன் ஒரு இரண்டாண்டுக் கல்லூரியிலிருந்து வந்து சேர்ந்தான். 14 ஆட்டம், 14 வெற்றி, தேசியப் பட்டம், நியூட்டனுக்கு ஆண்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரனுக்கான ஹைஸ்மன் விருது. கோச் மேதை என்று எழுதினார்கள். 2011இல் நியூட்டன் தொழில்முறை லீக்குக்கு முதல் தேர்வாகப் போய்விட்டான். சிசிக்குக்கு அந்த ஆண்டு 8 வெற்றி, 5 தோல்வி, அடுத்த ஆண்டு 3 வெற்றி, 9 தோல்வி, வேலை போய்விட்டது. பட்டம் வாங்கி இரண்டே ஆண்டு!

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அதே மாநிலத்தில் அலபாமா பல்கலைக்கழகம், நிக் சேபன். 2007இல் முதல் சீசன் 7 வெற்றி, 6 தோல்வி, லூயிசியானா-மன்ரோ என்ற சின்ன அணியிடம் சொந்தத் திடலில் 21-14 என்று தோற்றார். 2009இல் தோல்வியே இல்லாமல் பட்டம். 2024 ஜனவரியில் ஓய்வு பெறும்போது அங்கே மட்டும் ஆறு பட்டம். முதல் ஆண்டுப் பட்டியலை மட்டும் பார்த்திருந்தால் அவரும் சுமாரான கோச்தான். அவர் ஏற்கெனவே 2003இல் வேறு பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கிக் காட்டியவர் என்பதால் பொறுத்தார்கள், அதையும் சொல்ல வேண்டும்.

இருவருக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால், சேபனிடமிருந்தும் ஆண்டுதோறும் நல்ல பையன்கள் போய்க்கொண்டேதான் இருந்தார்கள். ஒருவன் போவதற்கு முன்பே அடுத்தவனைப் பின்வரிசையில் தயார் செய்து வைத்திருந்தார். அதனால் உங்கள் கோச்சிடம் நான் கேட்க நினைப்பது: அந்த உயரமான பையன் போவான் என்று தெரிந்த அன்று அவர் என்ன செய்தார்? அடுத்த ஆளைத் தேடினாரா, எந்தப் பள்ளித் திடலுக்காவது போய் நின்று பார்த்தாரா?

ஆனால் ஒன்று, சேபனுக்குப் பின்னால் பணம் கொட்டிக் கிடந்தது. அங்கே ஒரு கோச்சை அனுப்பவே கோடிக்கணக்கில் கொடுப்பார்கள். டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் 2023 நவம்பரில் கோச் ஜிம்போ ஃபிஷரை நீக்கியபோது தர வேண்டியிருந்த தொகை 7 கோடியே 50 லட்சம் டாலருக்கு மேல். வேலை செய்யாமல் இருப்பதற்கு! உங்கள் ஆளுக்குப் பெட்ரோல் காசாவது தருகிறீர்களா?


ஜெம்போல் தாய் எழுதியது:

எனக்குப் பந்து விளையாட்டில் ஒன்றும் தெரியாது. என் மகன் அந்த அணியில் ஆடுகிறான், இரண்டாம் ஆண்டு. அதனால் எழுதுகிறேன்.

பயிற்சி முடிந்த பிறகு தோட்டத்துக்குள் பஸ் கிடையாது. மோட்டார் இல்லாத பிள்ளைகளைக் கோச் தன்னுடைய பழைய வேனில் ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு வீடாக இறக்கிவிட்டுத்தான் அவர் வீட்டுக்குப் போகிறார். செம்பனைக்குள் போகிற அந்தப் பாதை ராத்திரியில் எப்படி இருக்கும் என்று இங்கே இருக்கிறவர்களுக்குத் தெரியும். முதல் ஆண்டில் என் மகன் படிப்பை விட்டுவிட்டுச் சிங்கப்பூர் வேலைக்குப் போகிறேன் என்று நின்றான். அவன் அப்பா சொல்லிக் கேட்கவில்லை, மாமா சொல்லிக் கேட்கவில்லை. கோச் வீட்டுக்கு வந்து ஒரு தேநீர் குடித்துவிட்டு அரை மணி நேரம் பேசினார், "வகுப்புக்கு வராதவனுக்கு என் அணியில் இடமில்லை, செமஸ்டரை முடி, அப்புறம் நானே பஸ் ஏற்றிவிடுகிறேன்" என்றார். இன்னும் படித்துக்கொண்டிருக்கிறான்.

குறையும் உண்டு. விளையாட்டுப் பள்ளியில் படித்து வந்த பிள்ளைகள் என்றால் அவருக்குத் தனிப் பாசம், அவர்கள் தாமதமாக வந்தாலும் ஆட்டத்தில் இறங்குவார்கள். தமிழ்ப்பள்ளியில் படித்துத் தோட்டத்துத் திடலில் ஆடிப் பழகிய பிள்ளை பெஞ்சில் உட்கார வேண்டும். என் மகன் பெஞ்சில் உட்கார்ந்தான் என்பதற்காகச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் அதற்காகவும்தான்.

கால் ஓய்ந்துபோகிறது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஐயா, இந்தப் பிள்ளைகளில் பாதிப் பேர் ராத்திரியில் வேலை செய்கிறார்கள். என் மகன் பெட்ரோல் நிலையத்தில் விடிய விடிய நிற்கிறான், காலையில் வகுப்பு, மாலையில் பயிற்சி. தூக்கம் எங்கே? அதற்கு எந்தக் கோச் என்ன செய்ய முடியும்?


கோல்கம்பம் எழுதியது:

அக்கா, அந்த விவரம் எனக்குத் தெரியாது. கால் விஷயத்தில் நீங்கள் சொல்வது நியாயம். ஆனால் பாதிப் பேர் களைத்துத்தான் வருவார்கள் என்று கோச்சுக்குத் தெரியும்தானே, அப்படியென்றால் அறுபதாவது நிமிடத்திலேயே ஆள் மாற்ற வேண்டாமா? நான் பார்த்த ஆட்டங்களில் எண்பதைத் தாண்டித்தான் பெஞ்சைத் திரும்பிப் பார்க்கிறார். உங்கள் மகனுக்கு இடம் கிடைக்காததும் அணி கடைசியில் தோற்பதும் ஒரே வியாதி என்று எனக்குத் தோன்றுகிறது.

மூலை உதைக்கும் தூக்கத்துக்கும் சம்பந்தமில்லை. அதை விட மாட்டேன்.


பகாவ் காளை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. ரொட்டிக்கு: தலைவருக்கு மச்சான் இருக்கிறார், பந்தும் ஆடியிருக்கிறார், அவர் பெயர் பேச்சில் அடிபடுகிறது. போதுமா?

செம்பனை அண்ணன் கேட்டதற்காக ஆட்டக் கணக்குப் புத்தகத்தைப் புரட்டினேன். கோப்பை வென்ற ஆண்டில் அரையிறுதி பெனால்டியில் வென்றது. இறுதியாட்டம் 1-1, அதுவும் பெனால்டி. கொண்டாட்டத்தில் இது யாருக்கும் நினைவில் இல்லை, எனக்கும்தான். இந்த ஆண்டு வெளியேறியது புள்ளியில் இல்லை, இரண்டாம் இடத்து அணியோடு சமப் புள்ளி, கோல் வித்தியாசத்தில் போனோம். கடைசி ஆட்டத்தில் இரண்டு கோலோடு நிறுத்தியிருந்தால் காலிறுதிக்குப் போயிருப்போம். அந்த நான்கில் இரண்டு மூலை உதையில் வந்தவை, கோல்கம்பம் சொன்ன அதே தூரக் கம்பம். புத்தகத்தில் நானே என் கையால் எழுதி வைத்திருக்கிறேன்.

ஆள் சேர்க்கிற விஷயத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது. குவாலா பிலா, தம்பின் பக்கத்து இடைநிலைப்பள்ளிகளுக்குச் சொந்தச் செலவில் போய்ப் பார்த்து இரண்டு நல்ல பையன்களைக் கேட்டுவந்தார். கல்லூரி கட்டணச் சலுகை தரவில்லை, அவர்கள் வேறு கல்லூரிக்குப் போய்விட்டார்கள். அதில் ஒருவன்தான் இந்த ஆண்டு நமக்கு எதிராகக் கோல் அடித்தவன். பெட்ரோல் காசு தருவதில்லை, முட்டைப்பந்து, கேட்டுவிட்டீர்கள், வெட்கமாகத்தான் இருக்கிறது.

இப்போது என் குழப்பம் வேறு இடத்துக்குப் போய்விட்டது. நாம் ஒப்பந்தம் நீட்டினாலும் அவர் ஒரே ஆண்டில் கிளம்பிவிடுவாரோ? அப்படிப் போகிறவருக்கு நாம் ஏன் காசு செலவழிக்க வேண்டும் என்று கமிட்டியில் கேட்பார்கள்.


செம்பனைக்காட்டான் எழுதியது:

இரண்டு பெனால்டியில் கிடைத்த கோப்பை, கோல் வித்தியாசத்தில் கைநழுவிப் போன காலிறுதி. அப்படியென்றால் உங்கள் அணி அன்று எல்லாரும் நினைத்த அளவுக்கு உயரவும் இல்லை, இன்று நினைக்கிற அளவுக்கு விழவும் இல்லை. நான்கு ஆண்டும் ஏறக்குறைய ஒரே தரம்: காலிறுதியை ஒட்டி நிற்கிற அணி. பதினொரு பேர் சேராத இடத்திலிருந்து இந்தத் தரத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தியது அவருடைய வேலை, அதை யாரும் பிடுங்க முடியாது. அங்கிருந்து இன்னும் ஒரு படி ஏற்ற அவரால் முடியுமா என்பதில்தான் கோல்கம்பம் சொன்னதெல்லாம் வருகிறது. முன்களத்து ஆள் மாறியும் ஆட்டத்தை மாற்றாதது எனக்கும் உறுத்துகிறது.

மாணவர் அணி என்றாலே ஆள் போவதும் வருவதும்தான். டிப்ளோமா இரண்டரை, மூன்று ஆண்டு, பையன் ஆட்டம் படிந்து வருவதற்குள் பட்டமளிப்பு விழா வந்துவிடும். பெரிய இடத்திலேயே பாருங்கள், யுஐடிஎம் (மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்) அணி 2020இல் முதல் தடவையாக சூப்பர் லீக்கில் இறங்கி, கோவிட்டால் ஒரே சுற்றாகக் குறைந்த அந்த 11 ஆட்டத்தில் ஆறாவது இடம் பிடித்தது. பல்கலைக்கழக அணி சூப்பர் லீக்கில் ஆறாவது என்று எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். 2021இல் முழு சீசன், கடைசி இடம், இறங்கிப் போய்விட்டது. 11 ஆட்டத்தில் தெரியாதது 22 ஆட்டத்தில் தெரிந்துவிடுகிறது.

எதிர்காலம் பற்றி. லைசென்ஸ் படிகள் சி, பி, ஏ, அதற்கு மேல் ப்ரோ. பி வைத்திருக்கிற ஒருவர் கல்லூரி, பள்ளி, இளையோர் அணி என்ற வட்டத்துக்குள் பிழைக்கலாம். அதைத் தாண்டிப் பெரிய கிளப்பின் பக்கம் போக வேண்டுமானால் ஏ வேண்டும், அதற்குச் செலவும் உண்டு, வேலையை விட்டுவிட்டு உட்கார வேண்டிய நாட்களும் உண்டு. தோட்டப்புறத்திலிருந்து வந்த நல்ல பயிற்றுநர்கள் பலர் பி-யோடு நின்றுபோவதற்குத் திறமைக் குறைவு காரணமில்லை, பெரும்பாலும் இந்தச் செலவும் லீவும்தான்.

"போகிறவருக்கு ஏன் செலவு" என்று கேட்கிற கமிட்டிக்காரரிடம் இப்படிச் சொல்லுங்கள்: அவரைக் கட்டிப்போட உங்களால் முடியாது, போகாமல் வைத்திருக்கிற சம்பளமும் உங்களிடம் இல்லை. இரண்டு ஆண்டு ஒப்பந்தம் போடுங்கள், ஏ பயிற்சிக்கு ஒரு பகுதிச் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள், அந்த இரண்டு ஆண்டு முடியுமுன் கிளம்பினால் அந்தத் தொகையைத் திருப்பித் தர வேண்டும் என்று எழுதுங்கள். கூடவே ஒரு துணைக் கோச்சை அவரே தயார் செய்ய வேண்டும் என்றும் எழுதுங்கள். தலைவரின் மச்சானுக்கு அவ்வளவு ஆசை என்றால் அந்தத் துணைக் கோச் வேலைக்கு வந்து இரண்டு ஆண்டு கூம்பு அடுக்கட்டுமே.


ரொட்டி கோசோங் எழுதியது:

கூம்பு அடுக்க மாட்டார். திறப்பு விழாவில் முதல் பந்து உதைக்க மட்டும் வருவார்.


முட்டைப்பந்து எழுதியது:

ஒப்பந்தத்தில் "அரையிறுதிக்குப் போனால் நீட்டிப்பு" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். பெனால்டியில் அவருடைய சோற்றைக் கட்டிவிடுவதாகும். மூலை உதையில் வாங்குகிற கோல் குறைந்ததா, எத்தனை பையன்கள் தேர்வில் தேறினார்கள், பெஞ்சிலிருந்து எத்தனை பேர் ஆடினார்கள் என்று அவர் கையில் இருக்கிற விஷயங்களைக் கேளுங்கள். அந்த உயரமான பையனைப் போல இன்னொருவன் மேலே போனால் அது அவருக்குக் கூடுதல் மதிப்பெண், அணி பலவீனமானாலும் சரி. கோப்பையை விட அது பெரிது என்று நான் சொல்வேன், கமிட்டி ஒப்புக்கொள்ளாது.


ஜெம்போல் தாய் எழுதியது:

மச்சான் வந்தால் வேன் ஓட்டுவாரா என்று கூட்டத்தில் கேளுங்கள். எனக்கு அது போதும்.


கோல்கம்பம் எழுதியது:

காளை, என்னுடைய ஓட்டும் நீட்டிப்புக்குத்தான். இவ்வளவு திட்டியதைப் பார்த்து நீக்கச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். ஆனால் மூலை உதை, ஆள் மாற்றுவது, முன்களத்துக் குட்டைப் பையனுக்குக் காலடியில் பந்து, இந்த மூன்றையும் யாராவது அவரிடம் முகத்துக்கு நேராகப் பேச வேண்டும். நான்கு ஆண்டில் அவரோடு உட்கார்ந்து ஆட்டத்தைப் பற்றிப் பேசிய கமிட்டிக்காரர் ஒருவராவது உண்டா? சம்பளத்தைக் கொடுத்துவிட்டுக் கோப்பை வருமா என்று பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

கோல்கீப்பர் பயிற்சிக்கு வாரத்தில் ஒரு மாலை நான் வருகிறேன், சம்பளம் வேண்டாம், கையுறை மட்டும் நல்லதாக வாங்கிக் கொடுங்கள், பையன்களுக்கு. கோச்சுக்கு ஆட்சேபணை இல்லையென்றால்.


பகாவ் காளை எழுதியது:

கோச்சிடம் இப்போதுதான் போனில் கேட்டேன். "யார், அந்தக் கோல்கம்பத்துக்குப் பின்னால் நின்று ஆட்டம் முழுக்கக் கத்திக்கொண்டே இருக்கிறாரே, அவரா? வரச் சொல்லுங்கள், உள்ளே வந்து கத்தட்டும்" என்றார். மூலை உதை பற்றியும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், சேறு கிடக்கிற பக்கத்துக் கோலில் மூலை உதைப் பயிற்சி செய்யவே முடிவதில்லை, நல்ல பக்கத்தை ஐந்தரை மணிக்கு மேல் தோட்டத்து ஆட்கள் அணிக்கு விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது என்றார். இதை ஏன் முன்பே சொல்லவில்லை என்றேன், யாரும் கேட்கவில்லையே என்றார்.

நாளைக்குத் தோட்ட அலுவலகத்தில் போய்த் திடல் நேரத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். இரண்டு லோரி மணல் என்ன விலை என்று யாருக்காவது தெரிந்தால் இங்கேயே எழுதுங்கள், கூட்டத்தில் அதையும் சேர்த்து வைத்துவிடுகிறேன்.